இடிபாட்டில் தெரியும் வீடு: மணற்கல்லின் வேதியியலும் மறைந்த கண்ட ஓரங்களும்

மதுரைக்குள் வைகைக் கரையில் நடந்தால் தண்ணீரைவிட அதிகமாகக் கண்ணில் படுவது கட்டட இடிபாடுதான். இரவோடு இரவாக லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் குவியல்களைக் குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. சன்னமான பட்டைச் செங்கல், சுண்ணாம்புக் காரை, நாட்டு ஓட்டுத் துண்டு கிடந்தால் இடிந்தது பாட்டனார் காலத்து வீடு. சாம்பல் நிறக் கான்கிரீட்டும் குளியலறை டைல்ஸும் கிடந்தால் முப்பது வருடம்கூட நிற்காத வீடு. ஆத்தங்குடிக் கல் உடைந்து கிடந்தால் வசதியான குடும்பம். வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இவ்வளவு சொல்லிவிட முடிகிறது.

படிவுப் பாறைகளின் வேதியியலை வைத்துப் பழைய புவித்தட்டுச் சூழலை ஊகிக்கும் துறை செய்வதும் இதே வேலைதான். மணற்கல்லும் களிப்பாறையும் இடிந்துபோன மலைகளின் குவியல்கள். மலை கரைந்துவிட்டது, அதன் துகள்களை ஆறு சுமந்துபோய் ஒரு பள்ளத்தில் கொட்டியது, மேலே மேலே படிந்து, அழுந்தி, இறுகிக் கல்லானது. அந்தக் கல்லை அரைத்து, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், இடிந்தது எரிமலைத் தீவா, பழுத்த கண்டமா என்று சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். அந்த "ஓரளவு" எவ்வளவு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சூழல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பூமியின் மேலோடு பல தட்டுகளாக இருக்கிறது. கடலடித் தட்டு ஒன்று இன்னொரு கடலடித் தட்டுக்குக் கீழே அமிழும் இடத்தில் எரிமலைத் தீவுகள் வில்லாக வளைந்து எழும். பசிபிக்கில் மரியானா தீவுகள் அப்படி எழுந்தவை. இதைக் கடல்நடுத் தீவு வளைவு என்போம். தீவுகளுக்கு அடியில் கண்டத் துண்டும் இருந்தால் அது கண்டத் தீவு வளைவு. ஜப்பான் அதற்கு உதாரணம். கடலடித் தட்டு நேராகக் கண்டத்துக்கு அடியிலேயே அமிழ்ந்தால் ஆண்டீஸ் போன்ற மலைத்தொடர் கிடைக்கும். அது உயிர்ப்புள்ள கண்ட ஓரம். நம் கிழக்குக் கடற்கரையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அண்டார்க்டிகாவிடமிருந்து பிரிந்த பிறகு, ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பதைத் தவிர இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இது அமைதியான கண்ட ஓரம்.

இந்த நான்கு சூழல்களையும் மணற்கல்லின் வேதியியலால் பிரிக்கலாம் என்று 1983-ல் பாட்டியா என்ற புவியியலாளர் காட்டினார். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் பழைய மணற்கற்கள் அவருடைய மூலப்பொருள். அவர் கணக்கில் கடல்நடுத் தீவு வளைவின் மணற்கல்லில் சிலிக்கா, அதாவது சிலிக்கான் ஆக்சைடு, சராசரியாக 59 சதவீதம். கண்டத் தீவு வளைவில் 71, உயிர்ப்புள்ள கண்ட ஓரத்தில் 74, அமைதியான ஓரத்தில் 82. சிலிக்கா ஏற ஏற இரும்பு, மக்னீசியம், டைட்டேனியம் மூன்றும் இறங்கும்.

காரணம் எளிது. கடல்நடுத் தீவுகளைக் கட்டுவது பசால்ட், ஆண்டிசைட் போன்ற கறுத்த எரிமலைப் பாறைகள். அவற்றில் இரும்பும் மக்னீசியமும் மிகுதி, சிலிக்கா குறைவு. தீவு கடலுக்கு நடுவில் நிற்பதால் துகள் வெகுதூரம் பயணிப்பதும் இல்லை. பாதி அரைபட்ட நிலையிலேயே ஆழத்தில் விழுந்துவிடுகிறது. அமைதியான ஓரத்தில் கதை வேறு. கிரானைட்டும், சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் என்ற பாறையும் நிறைந்த கண்டம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மெதுவாகத் தேய்கிறது. மற்ற கனிமங்கள் எல்லாம் மக்கிப்போக, குவார்ட்ஸ் மட்டும் பிடிவாதமாக மிஞ்சுகிறது. குவார்ட்ஸ் என்பது சிலிக்காவேதான்.

1986-ல் ரோசரும் கோர்ஷும் இன்னும் சுருக்கமான ஒரு வரைபடம் போட்டார்கள். ஓர் அச்சில் சிலிக்கா. இன்னோர் அச்சில் பொட்டாசியம் ஆக்சைடைச் சோடியம் ஆக்சைடால் வகுத்த விகிதம். பாறைகளில் பரவலாக இருக்கும் கனிமக் குடும்பம் ஃபெல்ஸ்பார். எரிமலைத் தீவின் மண்ணில் அதில் சோடியம் கலந்த பிளேஜியோகிளேஸ் வகை அதிகம், ஆகவே விகிதம் தாழ்ந்திருக்கும். பழைய கண்டத்தின் மண்ணில் பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரும், நாம் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காவும் அதிகம், ஆகவே விகிதம் உயரும். இரண்டே எண்களில் விடை கிடைப்பதால் மாணவர்களுக்கு இந்த வரைபடத்தின் மீது தனிப் பிரியம். எனக்கும் இருந்தது. அந்தப் பிரியம் போனது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது மீண்டும் இடிபாட்டுக்கு வருவோம். வீடு இடிபடும்போது முதலில் வந்து நிற்பவர் பழைய இரும்புக் கடைக்காரர். கம்பி, ஜன்னல் கிராதி, தண்ணீர்க் குழாய் எல்லாம் போய்விடும். அடுத்து மரக்கடைக்காரர், தேக்கு நிலைகளும் உத்தரங்களும் போய்விடும். ஆற்றங்கரைக்கு வருவது யாருக்கும் வேண்டாத மிச்சம். அந்த மிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு "இந்த வீட்டில் மரமே இல்லை" என்று சொன்னால் சிரிப்பார்கள்.

மலை இடிபடும்போது கடைக்காரர் வேலையைச் செய்வது மழைநீர். சோடியத்தையும் கால்சியத்தையும் அது முதலில் கரைத்துக்கொண்டு போகும். பொட்டாசியத்தைச் சற்று மெதுவாக. அலுமினியத்தை அதனால் அசைக்கவே முடியாது. அது களிமண்ணாக அங்கேயே தங்கிவிடும். இதை அளக்க 1982-ல் நெஸ்பிட்டும் யங்கும் ஒரு குறியீட்டெண் வகுத்தார்கள். அலுமினியம், கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளை எடையாக அல்லாமல் மோல் கணக்கில், அதாவது எண்ணிக்கைக் கணக்கில் கூட்டி, அதில் அலுமினியம் மட்டும் நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பது. புத்தம்புதிய ஃபெல்ஸ்பாருக்கு 50 வரும். முற்றிலும் மக்கிப்போன கேயோலின் களிமண்ணுக்கு 100. சாதாரணக் களிப்பாறைகள் 70, 75 என்று நடுவில் நிற்கும். எண் உயர்ந்திருந்தால், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் நம்பிச் சூழல் சொல்லும் வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். தாய்ப்பாறையில் இருந்த சோடியம் வழியிலேயே போய்விட்டது.

இந்தக் கணக்கில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறி இருக்கிறது. திருமங்கலம் பக்கம் கரிசலில் கிணறு வெட்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வரும். மண்ணுக்குள் இறங்கிய நீர் வறண்டபோது படிந்த சுண்ணாம்பு அது. மலைத் துகளோடு துகளாக வந்த கால்சியம் அது அல்ல. அதையும் சேர்த்து அரைத்து அளந்தால் குறியீட்டெண் தலைகீழாகிவிடும். நன்றாக மக்கிய மண்ணைப் புதிய மண் என்று சொல்லிவிடும். ஆகவே கார்பனேட்டைக் கழித்துவிட்டு, சிலிக்கேட் கனிமங்களில் உள்ள கால்சியத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். சூத்திரத்தில் கால்சியத்தின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இருப்பது இதற்காகத்தான். பலர் அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை.

மழை தொட முடியாத தனிமங்கள் இருந்தால் இந்தத் தலைவலி குறையும். இருக்கின்றன. தோரியம், ஸ்கேண்டியம், லாந்தனம், சிர்கோனியம் ஆகியவை நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. மலையில் இருந்தவை துகளோடு துகளாகப் பள்ளம்வரை வந்து சேர்கின்றன. பத்து லட்சத்தில் சில பங்கு, மிஞ்சினால் சில நூறு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் சாட்சி சொல்ல அது போதும்.

இவற்றில் தோரியத்தையும் ஸ்கேண்டியத்தையும் ஜோடியாக நிறுத்துவது எனக்குப் பிடித்த சோதனை. பாறைக்குழம்பு படிகமாகும்போது ஸ்கேண்டியம் பைராக்சீன் போன்ற கருங்கனிமங்களுக்குள் முதலிலேயே புகுந்துவிடும். எனவே பசால்ட்டில் அதிகம். தோரியத்துக்கு எந்தக் கனிமத்திலும் எளிதில் இடம் கிடைக்காது. கடைசிவரை குழம்பிலேயே காத்திருந்து கிரானைட்டில் போய்ச் சேரும். ஒன்று பந்தியில் முதல் வரிசைக்கு ஓடுவது, மற்றொன்று கடைசிப் பந்தியில் உட்காருவது. தோரியத்தை ஸ்கேண்டியத்தால் வகுத்தால், 1986-ல் பாட்டியாவும் க்ரூக்கும் தொகுத்த மணற்கற்களில், கடல்நடுத் தீவு வளைவுக்குச் சுமார் 0.15, அமைதியான ஓரத்துக்கு 3-ஐ ஒட்டி. இருபது மடங்கு வித்தியாசம். சிலிக்காவில் இவ்வளவு தெளிவான இடைவெளி ஒருநாளும் கிடைக்காது.

யுரோபியமும் ஒரு நல்ல சாட்சி. லாந்தனத்தின் உறவினர்களான அருமண் தனிமங்களில் இது மட்டும் கால்சியத்தைப் போல வேடமிட்டுப் பிளேஜியோகிளேஸுக்குள் நுழைய வல்லது. கண்டத்தின் அடிப்பகுதி உருகிக் கிரானைட் மேலே ஏறும்போது பிளேஜியோகிளேஸ் கீழேயே தங்கிவிட, யுரோபியமும் அதோடு தங்கிவிடும். ஆகவே பழுத்த கண்டத்தின் மேற்பரப்பிலிருந்து வந்த களிப்பாறையில் யுரோபியம் இருக்க வேண்டிய அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். அருமண் தனிமங்களை வரிசையாக இட்ட வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பள்ளமே இல்லையென்றால், பெரும்பாலும் இளம் எரிமலைத் தீவு.

சிர்கோனியத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அது சிர்க்கான் என்ற கனமான, தேயாத கனிமத்தில் குடியிருக்கிறது. வைகை மணலைக் கையில் அள்ளித் தண்ணீரில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். வெளுத்த குவார்ட்ஸ் விலகிப்போக, அடியில் கருமணல் கீற்றும் சிவப்பான கார்னெட் துகள்களும் நிற்கும். சிர்க்கானும் அந்தக் கூட்டத்தோடுதான் இருக்கும். ஆறு இப்படித் தானே சலித்துச் சலித்து ஒரே இடத்தில் சேர்க்கும்போது சிர்கோனியம் வீங்கிவிடும். ஒரு வீட்டின் இடிபாட்டுச் செங்கலை எடுத்து இன்னொரு வீடு கட்டி, அதையும் இடித்துக் கொட்டியது போல, பழைய மணற்கல்லே உடைந்து மீண்டும் மணலானாலும் இதே வீக்கம் வரும். ஸ்கேண்டியம் அப்படியே நிற்க, சிர்கோனியம் மட்டும் ஏறினால் இது மறுசுழற்சி என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சலிப்பதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஆற்றுமணலையும், அதே ஆறு கண்மாயில் கொண்டுவந்து சேர்த்த கரம்பையையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். தாய்ப்பாறை ஒன்றுதான், ஆறும் ஒன்றுதான். ஆனால் மணலில் சிலிக்கா குவியும். கரம்பையில் அலுமினியமும் இரும்பும் குவியும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் இட்டால் மணல் ஒரு சூழலிலும் கரம்பை வேறொரு சூழலிலும் போய் விழலாம். ஆகவே மணற்கல்லை மணற்கல்லோடும் களிப்பாறையைக் களிப்பாறையோடும்தான் ஒப்பிட வேண்டும். சொன்னால் சின்ன விஷயம். இதை மறந்து எழுதப்பட்ட முடிவுகள் எவ்வளவோ.

மாணவனாக இருந்தபோது நானே ஒரு தவறைச் சுமந்தேன். சிவகங்கைப் பக்கத்து மணற்கல் மாதிரிகள் சிலவற்றைப் பொடியாக்க ஓர் ஆய்வகத்தில் கொடுத்திருந்தேன். அங்கே மேல் கோண்ட்வானா என்று அறியப்படும் படிவுகள் இருக்கின்றன; இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்த பழைய பெருங்கண்டத்தின் பெயர்தான் கோண்ட்வானா. செடிகொடிகளின் புதைபடிவங்கள் கொண்டவை, கண்டம் பிளக்கத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தவை. எண்கள் வந்தன. தோரியம், கோபால்ட், சிர்கோனியம் மூன்றையும் மூலைக்கு ஒன்றாக வைத்த முக்கோண வரைபடத்தில் இட்டேன். புள்ளிகள் நேராகக் கோபால்ட் மூலையை நோக்கி, கடல்நடுத் தீவு வளைவுப் பக்கம் ஓடின. சிவகங்கையில் மரியானா தீவுகள்! இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்றே நினைத்தேன். மேற்பார்த்த பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, எந்த உரலில் அரைத்தார்கள்?" டங்ஸ்டன் கார்பைடு உரல். அந்தக் கலவையை இறுக்கிப் பிடிக்கச் சேர்ப்பதே கோபால்ட்தான். கடினமான குவார்ட்ஸ் மணலை அதில் அரைத்தால் உரல் தேய்ந்து கோபால்ட் பொடியில் கலந்துவிடும். நான் கண்டுபிடித்தது உரலின் புவியியல். கோபால்ட் இல்லாத அகேட் கல் உரலில் மறுபடி அரைத்தபோது புள்ளிகள் அமைதியாக வீடு திரும்பின.

இனி, முதலில் தொட்டு விட்டுவிட்ட இடத்துக்கு வருகிறேன். இடிபாட்டுக் குவியல் வீட்டைச் சொல்லும். கொட்டிய இடத்தைச் சொல்லாது. மதுரை நடுவிலுள்ள மேலமாசி வீதி வீட்டின் காரை ஊருக்கு வெளியே விரகனூர்ப் பக்கம் கிடக்கும். குவியலை வைத்து விரகனூரில் நூறு வருடத்துக் காரை வீடுகள் இருந்தன என்று எழுதினால் அது வரலாறாகாது.

வைகையையே எடுத்துக்கொள்ளுங்கள். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி, இராமநாதபுரம் பக்கம் கடலை நெருங்குகிறது. படியும் இடம் அமைதியான ஓரம். அதில் ஐயமே இல்லை. ஆனால் அது சுமக்கும் மண் சார்னோகைட் என்ற கிரானைட் போன்ற கல்லும் நைஸும் உடைந்து வந்தது. அந்தப் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒட்டுப்போடப்பட்ட மோதலில் வெந்து உருமாறியவை. மண்ணில் இருக்கும் வேதியியல் அந்தப் பழைய கொந்தளிப்பின் கையெழுத்து. வரைபடம் "மலைகள் எழும் ஓரம்" என்று சொன்னால், அது 55 கோடி ஆண்டு பழைய செய்தியை இன்றைய செய்தியாக வாசிக்கிறது. கோதாவரியில் இது இன்னும் வெளிப்படை. தக்காணத்துப் பசால்ட்டைத் தேய்த்துக் கொண்டுவந்து வங்கக் கடலில் கொட்டுகிறது. எரிமலைத் துகள், ஆனால் எரிமலை ஓரம் அல்ல.

இந்தச் சந்தேகத்தை ஒருகட்டத்தில் நேரடியாகவே சோதித்தார்கள். 2005-ல் ஆம்ஸ்ட்ராங்-ஆல்ட்ரினும் வர்மாவும், எந்தச் சூழலில் படிந்தவை என்று ஐயமின்றித் தெரிந்த படிவுகளை எடுத்து, புழக்கத்தில் இருந்த பழைய வரைபடங்களில் இட்டுப் பார்த்தார்கள். விடை தெரிந்த கேள்வித்தாள். பாட்டியாவின் வரைபடமும் ரோசர்–கோர்ஷ் வரைபடமும் பல இடங்களில் தேறவில்லை. என் பழைய பிரியம் அங்கேதான் போனது. 2013-ல் அவ்விருவருமே வேறொரு முறையை முன்வைத்தார்கள். சிலிக்கா 63 சதவீதத்துக்கு மேலா கீழா என்று முதலில் பிரித்துவிட்டு, எல்லா முக்கியத் தனிமங்களையும் ஒன்றாகக் கணக்கில் சேர்த்து, வளைவு, பிளவு, மோதல் என்று மூன்றாக மட்டும் வகைப்படுத்துவது. பழையதைவிட இது உறுதியானது. ஆனாலும் தாய்ப்பாறையின் நினைவை மண்ணிலிருந்து முழுவதும் பிரித்தெடுக்கும் சூத்திரம் எதுவும் இல்லை.

முறை மிக அழகாக வேலை செய்யும் இடமும் உண்டு. இமாசலத்தில் சுபாத்து என்ற பழைய கடற்படிவுகள் இருக்கின்றன. அவற்றில் குரோமியமும் நிக்கலும் வழக்கத்தைவிட மிகுதி. கண்ட மேலோட்டில் குரோமியம் சராசரியாகப் பத்து லட்சத்தில் 90 பங்கு; கடலடித் தட்டின் அடியில் இருக்கும் பச்சைக் கரும்பாறையிலோ 2,000-க்கும் மேல். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையில் இருந்த கடலின் அடித்தளம் மோதலின்போது மேலே பிதுங்கி, மலையாகி, தேய்ந்து, சுபாத்துக் கடலில் விழுந்ததற்கு அந்தக் குரோமியம் சாட்சி. அங்கே குரோம் ஸ்பைனல் என்ற கனிமத் துகளாகவே அதைக் கண்ணால் பார்க்கவும் முடிகிறது. வேதியியலும் நுண்ணோக்கியும் கள வரைபடமும் ஒரே பெயரைச் சொல்கின்றன. நான் நம்புவது இப்படிப்பட்ட முடிவுகளைத்தான்.

நம் ஊருக்கு அடியிலேயே இருக்கும் பழைய படிவுகளிடம் இதே கேள்வியைக் கேட்டால்? மதுரைப் பாளம் என்று புவியியலாளர்கள் அழைக்கும் இந்தப் பகுதி, வடக்கே காவிரியை ஒட்டிய வெட்டு மண்டலத்துக்கும் (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை) தெற்கே அச்சன்கோவில் வெட்டு மண்டலத்துக்கும் இடையில் கிடக்கிறது. சார்னோகைட்டுக்கு நடுவில், மணற்கல் வெந்து இறுகிய குவார்ட்சைட் முகடுகளும் சுண்ணாம்புச் சிலிக்கேட் பட்டைகளும் கார்னெட் மினுங்கும் நைஸும் வருகின்றன. இவை ஒருகாலத்தில் மணலாகவும் சுண்ணாம்புச் சேறாகவும் களியாகவும் கடலோரத்தில் கிடந்தவை. பிறகு பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழம் போனவை. கொடைக்கானல் மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பக்கத்துப் பாறைகளில் சஃபிரின் என்ற கனிமம் கிடைக்கிறது; குவார்ட்ஸோடு அது சேர்ந்திருப்பது 900 பாகை செல்சியஸுக்கு மேல் வெந்ததற்கு அடையாளம். அந்தச் சூட்டில் களிப்பாறை பாதி உருகி, உருகிய பகுதி கிரானைட்டாக வெளியேறிவிடும். பொட்டாசியம் அதோடு போகும். மிச்சத்தில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வகுத்துச் சூழல் சொல்வது, வீடு தீப்பிடித்து எரிந்த பிறகு சாம்பலில் மரவேலையைத் தேடுவது போல.

குவார்ட்சைட்டிலோ வேறு சிக்கல். சிலிக்காவைத் தவிர அதில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. எந்த வரைபடத்தில் இட்டாலும் அமைதியான ஓரத்தில்தான் விழும், வேறு எங்கும் விழ முடியாது. ஆனால் அந்த வெள்ளைக் கல்லுக்குள் அங்கங்கே சிர்க்கான் மணிகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு மணியிலும் யுரேனியம் ஈயமாகச் சிதைந்த கணக்கை எடுத்தால், அது எந்த மலையில் பிறந்தது என்பதற்கான வயது கிடைக்கும். மதுரைப் பாளத்துக் குவார்ட்சைட்டுகளில் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மணிகளும் இருக்கின்றன, அவற்றைவிட மிக இளைய மணிகளும் இருக்கின்றன. அந்த மலைகளில் எவை இன்றைய தமிழ்நாட்டில் இருந்தவை, எவை ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கம் இருந்தவை என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது. காவிரி வெட்டு மண்டலம் மொசாம்பிக் பெருங்கடல் என்ற மறைந்த கடல் மூடிய தையல் என்கிறது ஒரு தரப்பு. இல்லை, கண்டத்துக்குள்ளேயே நடந்த நசுக்கல் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் வாதத்துக்குக் கொண்டுவரும் மணிகள் உப்புக்கல்லைவிடச் சிறியவை.